ஆடிக் காத்து, அப்பா, அப்புறம் கொஞ்சம் தெர்மாகோல்

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு பெரியவங்க சொல்லி வெச்சிருக்காங்க. எங்க உடுமலைப் பக்கம் ஒரு தடவை வந்து பாருங்க, அது சும்மா பேச்சுக்குச் சொன்னது இல்லைன்னு புரியும். மேற்குத் தொடர்ச்சி மலை நீளத்துக்கும் மதில் மாதிரி நின்னுட்டு, பாலக்காட்டுப் பக்கம் மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குக் கதவைத் திறந்து போட்டிருக்கு. தென்மேற்குப் பருவக்காத்து அந்தக் கதவு வழியா நுழைஞ்சு நேரா எங்க வீட்டுக் கொடிக்கயித்துக்குத்தான் வரும். காயப்போட்ட லுங்கியைத் தேடி ரெண்டு தெரு தள்ளிப் போன அனுபவம் எல்லாம் எனக்கு உண்டு.

அம்மியே பறக்கும் ஊர்ல தெர்மாகோல் பறக்காதா?

2017 ஏப்ரல்ல வைகை அணைத் தண்ணி ஆவியாகாம இருக்கறதுக்காக தெர்மாகோல் அட்டையை மிதக்கவிட்டாங்களே, ஞாபகம் இருக்கா? காத்து ஒரு தள்ளு தள்ளி மொத்தத்தையும் கரைக்குக் கொண்டுவந்துடுச்சு. ஊரே சிரிச்சது. நானும் சிரிச்சேன். ஆனா மனசோரம் ஒரு குரல், "எவ்ளோ லேசா போகுது பாரு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தது. அப்பவே என்னை யாராவது பிடிச்சுக் கட்டிப்போட்டிருக்கணும்.

விஷயம் இதுதான். நான் மோட்டார் இல்லாத குட்டி விமானம் செய்யறேன். கிளைடர். அதுக்கு இறக்கையை தெர்மாகோல் மாதிரியான நுரைக்கட்டையில சூடான கம்பி வெச்சு வெட்டணும். அதை எப்படி வெட்டறதுன்னு சமையல் குறிப்பு மாதிரி ஒரு பதிவு போடலாம்னுதான் உக்காந்தேன். எழுத எழுத எங்கப்பா நடுவுல வந்து உக்காந்துட்டார். அவரை எழுப்பி அனுப்ப முடியல. அதனால இது பாதி குறிப்பு, பாதி புலம்பல். பொறுத்தருள்க மக்களே.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி.

2015 ஜூலை. இன்ஜினியரிங் கவுன்சிலிங். இப்ப எல்லாம் வீட்ல உக்காந்து ஆன்லைன்ல முடிச்சுடறாங்க. அப்போ நேர்ல கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போகணும். திருப்பூர்ல சேரன் எக்ஸ்பிரஸ் ஏறி, ராத்திரி பூரா சர்ட்டிபிகேட் பையை மடியில வெச்சுக்கிட்டு நானும் அப்பாவும் போனோம். அப்பா ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டர். ஒரு நாள் லீவு போட்டா அன்னைக்குக் கூலி போச்சு. திரையில எந்தக் கல்லூரியில எந்தப் பிரிவுல எத்தனை சீட்டுன்னு ஓடிக்கிட்டு இருந்தது. என் கட்-ஆஃபுக்கு ஏரோநாட்டிகல் ஒரு இடத்துல இருந்தது. கையைக் காட்டினேன். அப்பா என்னைப் பார்க்கல. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்தவரைப் பார்த்து, "கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டுருங்க"ன்னார்.

முடிஞ்சது. அஞ்சு நிமிஷம் கூட ஆகல.

அதே மாசம் 27ஆம் தேதி கலாம் ஷில்லாங்ல இறந்துபோனார். எல்லா சேனல்லயும் அவர் எம்.ஐ.டி.யில விமானம் படிச்ச கதையைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அப்பா டிவி முன்னாடி உக்காந்திருந்தார். நானும் உக்காந்திருந்தேன். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல.

அப்பா பண்ணது தப்புன்னு நான் சொல்ல வரல. படிச்சு முடிச்சதும் வேலை கிடைச்சது. தங்கச்சி படிப்பு, வீட்டு மேல ஓடு எடுத்துட்டு தளம் போட்டது, எல்லாம் பொட்டி தட்டின காசுலதான். ஆனா தொண்டையில சின்ன மீன் முள்ளு மாட்டினா எப்படி இருக்கும்? சோறு இறங்கும், தண்ணி இறங்கும், முள்ளு மட்டும் அங்கேயே இருக்கும். அப்படிப் பத்து வருஷம். நான் கேக்கல. அவரும் சொல்லல.

கொசுவத்தி போதும். இறக்கைக்கு வருவோம்.

2020ல ஊரடங்கு வந்து வீட்ல அடைச்சப்போ அட்டையில சின்னச் சின்ன கிளைடர் செஞ்சு மொட்டைமாடியில இருந்து எறிய ஆரம்பிச்சேன். தட்டையான இறக்கை. பறக்கும், ஆனா பறவை மாதிரி இல்லை, தூக்கி எறிஞ்ச தட்டு மாதிரி. நிஜ இறக்கையைக் குறுக்கால வெட்டிப் பார்த்தா ஒரு வடிவம் இருக்கும். முன்பக்கம் உருண்டை, மேல வளைவு, பின்னால கத்தி மாதிரி கூர்மை. அந்த வடிவம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் என் மாதிரி குட்டி விமானத்துக்கு வித்தியாசம் தெரியும். பெரிய விமானத்துக்கு ரெனால்ட்ஸ் எண்ணு கோடிக்கணக்குல இருக்கும். நம்ம ஆளுக்கு ஒரு லட்சத்தைச் சுத்தி. எளிமையாச் சொன்னா, பெரிய விமானத்துக்குக் காத்து தண்ணி மாதிரி, நமக்கு லேசா எண்ணெய் மாதிரி. எண்ணெய்க்குள்ள நீந்தறவனுக்கு உடம்பு வடிவம் முக்கியம் இல்லையா?

நல்லவேளை, நமக்காக வேற யாரோ மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்காங்க. அமெரிக்காவுல 1980களின் கடைசியில பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல மைக்கேல் செலிக்கும் அவர் கூட்டாளிகளும் இந்த மாதிரி குட்டி விமான இறக்கை வடிவங்களை வரிசையா காத்துச் சுரங்கத்துல வெச்சுச் சோதிச்சாங்க. செலிக், டோனோவன் ரெண்டு பேரோட முதல் எழுத்தைச் சேர்த்து எஸ்.டி.7037னு ஒரு வடிவம் இருக்கு. கிளைடர் பசங்களுக்கு அது நம்மூர் பொன்னி அரிசி மாதிரி, எதுக்கும் பொருந்தும். இலினாய் பல்கலைக்கழகத் தளத்துல இது மாதிரி 1,600க்கும் மேல வடிவங்களைப் புள்ளி புள்ளியா இலவசமா வெச்சிருக்காங்க. எடுத்து, அளவு மாத்தி, பிரிண்ட் போட்டுக்க வேண்டியதுதான்.

என் கணக்கு இது. ஒவ்வொரு பக்க இறக்கையும் 60 செ.மீ. நீளம். உடம்போட ஒட்டற அடிப்பக்கம் 22 செ.மீ. அகலம், நுனிப்பக்கம் 15 செ.மீ. அடியில தடிமன் 2 செ.மீ., நுனியில 14 மில்லிமீட்டர் கூட இல்லை.

நுரைக்கட்டை ரெண்டு வகையில கிடைக்குது. கொலு வைக்கறப்பவும் ஸ்கூல் ப்ராஜெக்டுக்கும் வாங்கற வெள்ளை தெர்மாகோல் ஒண்ணு, மணி மணியா உதிரும். இன்னொண்ணு மொட்டைமாடித் தளத்துல வெயில் இறங்காம இருக்கப் போடற எக்ஸ்.பி.எஸ். பலகை. மணி இருக்காது, இழைச்ச மாதிரி வழவழன்னு இருக்கும். எடை ஒரு கன மீட்டருக்கு 30 கிலோவைச் சுத்தி. கோயமுத்தூர்ல 5 செ.மீ. தடிமன்ல ஒரு பலகை வாங்கி, டூவீலர்ல குறுக்கால கட்டிக்கிட்டு அந்தக் காத்துல வந்தேன் பாருங்க... அன்னைக்கே நான் பறந்திருக்கணும். ரெண்டு இறக்கையும் வெட்டி முடிச்சா மொத்தம் 80 கிராம்தான் வரும். ஒரு வாழைப்பழ எடை.

அடுத்தது வில்லு. ரீப்பர் கட்டையில எச் எழுத்து மாதிரி ஒரு சட்டம். ஒரு பக்கம் நிக்ரோம் கம்பி, மறுபக்கம் கயிறு. கயித்து நடுவுல குச்சியை விட்டு முறுக்கினா கம்பி வீணைத் தந்தி மாதிரி விறைக்கும். முறுக்கு ஏன்னா, 80 செ.மீ. கம்பி சூடாச்சுன்னா ஏறக்குறைய 3 மி.மீ. நீளும். முறுக்கு இல்லைன்னா தொங்கிடும். தொங்கின கம்பி வெட்டினா இறக்கை நடுவுல தொப்பை வரும். (எனக்கு இருக்கறது போதாதா.)

கம்பி 0.4 மி.மீ. கனம். 80 செ.மீ.க்கு 7 ஓம். செத்துப்போன பழைய லேப்டாப்போட 19 வோல்ட் சார்ஜரை அதுல மாட்டினா 2.7 ஆம்பியர் ஓடும். அது ரொம்ப சூடு. அதனால நடுவுல மோட்டார் வேகத்தைக் குறைக்கற ஒரு சின்ன போர்டு போட்டு, திருகி திருகிக் குறைச்சுக்கலாம். பாலிஸ்டைரீன் 100 டிகிரியிலயே இளக ஆரம்பிச்சுடும். கம்பி சிவக்கவே கூடாது. சிவந்தா அது இறக்கை வெட்டற கம்பி இல்லை, இறக்கை உருக்கற கம்பி.

இதுக்கு முன்னாடி ஒரு கூத்து நடந்தது. வீட்டுக் கரண்ட்ல இருந்து நேரா ஃபேன் ரெகுலேட்டர் வழியா கம்பிக்குக் குடுத்தா என்னன்னு எனக்கு ஒரு விபரீத ஆசை. ஸ்விட்சைப் போடறதுக்கு முன்னாடி பின்னால இருந்து சத்தம்.

"டேய்! கையை எடுறா!"

அப்பா. 2024ல மில்லுல இருந்து ரிட்டயர் ஆனவர். ஆனதுல இருந்து வீட்ல ஓடிக்கிட்டு இருக்கற எல்லாத்தையும் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தார். நல்லா இருந்த மிக்ஸியைக் கழட்டி அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு, அந்தக் கடுப்புல என் ரூம் பக்கம் வந்திருக்கார்.

"அந்தக் கம்பியைத் தொட்டா நீ இருக்கமாட்டே. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத கரண்டு அது. இதுதான் இன்ஜினியரிங் படிச்ச லட்சணமா?"

"நான் கம்ப்யூட்டர்தானுங்ப்பா படிச்சேன்"னு வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிட்டேன். அப்புறம்தான் லேப்டாப் சார்ஜர் யோசனை வந்தது. அதுவும் அவர் சொன்னதுதான்.

அன்னையில இருந்து அவர் இந்த வேலைக்குள்ள வந்துட்டார். நான் கூப்பிடல. அவரும் வரட்டுமான்னு கேக்கல.

கம்பி ஓடறதுக்கு வழி காட்ட ரெண்டு முனையிலயும் அச்சு வேணும். சன்மைக்கா துண்டுல வடிவத்தை ஒட்டி, ஆக்ஸா பிளேடுல அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, கட்டையோட ரெண்டு பக்கமும் ஆணி குத்தி வைக்கணும். கம்பி இதோட விளிம்பு மேலதான் வழுக்கிட்டுப் போகும். விளிம்புல ஒரு பொடிப் பிசிறு இருந்தாலும் கம்பி அங்க ஒரு நொடி மாட்டும். மாட்டின இடத்துல இறக்கையில கோடு விழும். நான் பத்து நிமிஷம் தேய்ச்சுட்டு "ஆச்சு"ன்னேன். அப்பா கட்டை விரல் நகத்தை விளிம்புல மெதுவா ஓட்டிப் பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம வாங்கி இன்னொரு முக்கால் மணி நேரம் தேய்ச்சார். ரெண்டு அச்சும் ஒரே மட்டத்துல இருக்கணும், இல்லைன்னா இறக்கை முறுக்கிக்கும்னு சொன்னேன். உள்ளே போய் ரசமட்டத்தை எடுத்துக்கிட்டு வந்தார்.

வெட்டறதுக்குக் காத்து இல்லாத இடம் வேணும். கம்பி மேல காத்து பட்டா ஒரு பக்கம் ஆறிடும். பறக்கறதுக்குக் காத்து வேணும், வெட்டறதுக்குக் காத்து கூடாது. எங்க ஊர்ல ஆடி மாசத்துல காத்து கொஞ்சம் அசந்து தூங்கறது விடிகாலை மட்டும்தான். அதனால 2025 ஆடியில ஒரு ஞாயித்துக்கிழமை, காலையில அஞ்சரை மணி, வாசத் திண்ணை. கட்டை மேல கனத்துக்கு நாலு செங்கல். புகை மூக்குல ஏறாம இருக்கக் கதவெல்லாம் திறந்து வெச்சாச்சு. அடிப்பக்கம் அப்பா, நுனிப்பக்கம் நான். வில்லு நடுவுல.

முதல் வெட்டு. ரெண்டு பேரும் ஒரே வேகத்துல இழுத்தோம்.

யோசிச்சுப் பாருங்க, அவர் போகவேண்டிய தூரம் 22 செ.மீ. எனக்கு 15. நான் கரைக்கு வந்து சேர்ந்துட்டேன், அவர் இன்னும் ஆத்து நடுவுல இருக்கார். அவர் வர்ற வரைக்கும் என் பக்கத்துக் கம்பி சும்மா நின்னு, இறக்கையோட மெல்லிசான பின் விளிம்பை உருக்கிக் குடிச்சுடுச்சு. நுனி முழுக்க எலி கடிச்ச தோசை.

"நீங்க கொஞ்சம் வேகமா வந்திருக்கணும்ங்ப்பா."

"நீ கொஞ்சம் நின்னு வந்திருக்கணும்."

பத்து வருஷமா எங்க வீட்ல நடக்கற எல்லாப் பேச்சுவார்த்தையோட சுருக்கம் இதுதான்னு அப்போ தோணுச்சு. இன்னொரு கட்டை. இந்தத் தடவை அவர் வேகமா இழுத்தார். கம்பி சூடு ஒரு வேகத்துக்குத்தான் வழி விடும். அதுக்கு மேல இழுத்தா ரெண்டு முனை முன்னால போகும், நடுக்கம்பி பின்னால வளைஞ்சு இழுபடும். வளைஞ்ச கம்பி நேரா வெட்டுமா? அதுவும் குப்பைக்கு.

அப்பா வில்லைக் கீழ வெச்சுட்டு டீ குடிக்கப் போய்ட்டார். சரி, இதோட முடிஞ்சதுன்னு நினைச்சேன். டம்ளரோட திரும்பி வந்தவர் பாக்கெட்ல இருந்து ஸ்கெட்ச் பேனாவை எடுத்தார்.

"ரெண்டு அச்சையும் பத்து பாகமா பிரி. இதுல பத்து, அதுல பத்து. நம்பர் போடு."

போட்டேன். அவர் பக்கம் ஒரு பாகம் 22 மி.மீ., என் பக்கம் 15 மி.மீ.

"மில்லுல நூல் இழுக்கற ரோலர் பார்த்திருக்கியா? முன் ரோலர் வேகமா சுத்தும், பின் ரோலர் மெதுவா சுத்தும். வேகம் வேற வேறதான். வேற வேறயா இருந்தாத்தான் நூலே வரும். ஆனா ரெண்டும் ஒரே கியர்ல மாட்டியிருக்கணும். நீ என் கையைப் பார்க்காதே. நான் நம்பர் சொல்றேன். நான் அஞ்சுன்னா நீ உன் அஞ்சுல இரு. அவ்வளவுதான்."

ஹூம். நான் பார்த்த நாப்பது வீடியோவுலயும் இந்த நம்பர் போடற முறை இருந்திருக்கு. நான்தான் ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கேன். எங்கப்பா ஒரு வீடியோவும் பார்க்காம ஒரு டீயில கண்டுபிடிச்சுட்டார். அவ்வ்வ்வ்.

மூணாவது கட்டை. போர்டைத் திருகி சூட்டைக் கொஞ்சம் குறைச்சேன். மெதுவாப் போற நுனிப்பக்கம்தான் அதிகம் உருகும்ங்கறதால சூடு எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது.

"ஒண்ணு."

கம்பி உள்ளே இறங்குச்சு. அந்தச் சத்தம் இருக்கே, தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி, ஆனா ரொம்ப மெலிசா.

"ரெண்டு."

கம்பிக்குப் பின்னால பஞ்சுமிட்டாய் இழை மாதிரி வெள்ளை நூல் நூலா வர ஆரம்பிச்சது. அது வந்தா சூடும் வேகமும் சரியா இருக்குன்னு அர்த்தம். ஒரு நம்பருக்கும் அடுத்ததுக்கும் ஒன்பது பத்து நொடி. மொத்தம் ஒண்ணரை நிமிஷம். அந்த ஒண்ணரை நிமிஷம் நிறுத்தவே கூடாது. நின்னா அந்த இடத்துல குழி விழும். தும்மல் வந்தாலும் அடக்கிக்கணும்.

"மூணு... நாலு... அஞ்சு."

அவர் குரல் ஒரே சீரா வந்தது. ஷிஃப்ட்ல மெஷின் பக்கத்துல நிக்கறவங்களுக்கு வர்ற குரல். நான் என் கையையும் கம்பியையும் மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கல.

"ஆறு."

அப்புறம் அதே குரல்ல, "அன்னைக்கு மெட்ராஸ்ல நீ கேட்டது இந்தப் படிப்புதானே?"

என் கை நின்னுடுச்சு.

எவ்வளவு நேரம்னு தெரியல. ஒரு நொடி, ஒண்ணரை நொடி. கம்பி சும்மா நிக்குமா? என் பக்கம் உஸ்ஸுன்னு இறங்குச்சு. அவர் கை நிக்கல. அவர் கை ஒரு நூல் கூடத் தடுமாறல.

"ஏழு."

நான் ஏழுக்கு வந்துட்டேன்.

"ஆமாங்ப்பா"ன்னேன்.

"எட்டு."

"..."

"மில்லு எப்ப மூடுவாங்கன்னு தெரியாத நேரம் அது. ஒன்பது."

"தெரியும்ங்ப்பா."

"பத்து."

கம்பி ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வெளிய வந்தது. முதல் தடவையா. ஸ்விட்சை அணைச்சேன். செங்கல்லை எடுத்துட்டு மேல் துண்டைத் தூக்கினா, உள்ளே இறக்கையோட முதுகு வழவழன்னு படுத்திருந்தது. நுனிப்பக்கம் ஆறாம் நம்பர்ல மட்டும் ஒரு பள்ளம். என் சுண்டு விரல் நீளம், ஒரு மில்லிமீட்டர் ஆழம்.

அப்பா அதைத் தடவிப் பார்த்தார். "பேச்சுக் குடுத்திருக்கக் கூடாது"ன்னார். எதைச் சொன்னார்னு நான் கேக்கல.

கீழ்ப்பக்க அச்சை மாட்டி அதையும் வெட்டினோம். அடுத்து இன்னொரு பக்க இறக்கை. நம்பரைத் தவிர வேற பேச்சு இல்லை. ஆனா பேசாம இருக்கறதுலயும் ரெண்டு வகை இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

மிச்ச வேலை வேகமாப் போச்சு. அடியில இருந்து நுனி வரைக்கும் காடி எடுத்து ஒரு கார்பன் குழாயைப் பதிச்சு அரால்டைட் போட்டோம். (சூப்பர் க்ளூ போட்றாதீங்க, நுரையைத் தின்னுடும். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க.) வெட்டினப்போ மேலயும் கீழயும் மிஞ்சின ரெண்டு கூடு இருக்கும் பாருங்க, அதைத் தூக்கிப் போடவே கூடாது. இறக்கைக்கு அதுதான் தொட்டில். கோந்து காயற வரைக்கும் அதுக்குள்ள படுக்க வெச்சாத்தான் வளையாம நேரா நிக்கும். நான் இதையெல்லாம் விளக்கி முடிக்கறதுக்குள்ள அம்மா அதுல ஒண்ணை எதிர்வீட்டுப் பாப்பாவோட ஸ்கூல் ப்ராஜெக்டுக்குத் தாரை வார்த்துட்டாங்க. "ஏங்கண்ணு, குப்பைதானே?"ன்னு கேட்டாங்க. போய் கெஞ்சிக் கூத்தாடி, வேற தெர்மாகோல் வாங்கிக் குடுத்து மீட்டுட்டு வந்தேன்.

அந்தப் பள்ளத்துக்கு மட்டும் லேசான பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். மேல கலர் டேப் ஒட்டினேன். அப்பவும் சாய்வா வெளிச்சம் பட்டா தெரியும். விரலை ஓட்டினா இன்னும் நல்லாத் தெரியும்.

எல்லாம் மாட்டி 600 கிராம் வந்தது. ஆடி முடியறதுக்குள்ள ஒரு சாயங்காலம் ஊருக்கு மேற்கே இருக்கற கரட்டுக்குப் போனோம். மேற்குக் காத்து வந்து கரட்டுச் சரிவுல மோதும். போக வழியில்லாம மேல ஏறும். அந்த ஏத்தத்துல கிளைடரைப் பிடிச்சு வெச்சா, காத்து இருக்கற வரைக்கும் அது கீழ இறங்கவேண்டிய அவசியமே இல்லை. கழுகுங்க அதைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கு, பெட்ரோல் போடாம.

ரிமோட் என் கையில. எறியறதுக்கு அப்பா. அந்தக் காத்துல வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, கிளைடரைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு நின்னார். கைக்குள்ளயே அது துள்ளுச்சு.

"எறியட்டுமா?"

"நேரா, லேசா கீழ பார்த்த மாதிரிங்ப்பா."

எறியல. கையை விட்டார், அவ்வளவுதான். அது ஒரு முழம் கீழ இறங்கி, காத்தைப் பிடிச்சுக்கிட்டு, எங்க ரெண்டு பேர் தலைக்கும் மேல அப்படியே ஏறுச்சு. சத்தமே இல்லை. பத்தடி, முப்பதடி, அப்புறம் அளவு தெரியல. எனக்குக் கால் நடுங்குச்சு. ரிமோட்டை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். தூரத்துல காத்தாடி எல்லாம் சுத்திக்கிட்டு இருந்தது.

இருபது நிமிஷம் பறந்தது. அப்பா கண்ணுக்கு மேல கையை வெச்சுக்கிட்டு அசையாம பார்த்துக்கிட்டே இருந்தார். ரொம்ப நேரம் கழிச்சு,

"அந்தப் பள்ளம் ஒண்ணும் பண்ணலையே?"

"இல்லீங்ப்பா. நல்லாத்தான் பறக்குது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அடுத்த இறக்கை வெட்டறப்போ நான் வாயைத் திறக்கல."

"பேசுங்ப்பா. நான் கையை நிறுத்தாம பார்த்துக்கறேன்."

டிஸ்கி 1: வீட்டுக் கரண்ட்டை நேராக் கம்பிக்குக் குடுக்காதீங்க. எங்கப்பா உங்க வீட்டுக்கு வந்து திட்டமாட்டார்.

டிஸ்கி 2: சோஃபாவுக்குள்ள இருக்கற பாலியூரித்தேன் நுரை, பி.வி.சி. நுரை ரெண்டையும் சூடான கம்பியில வெட்டவே கூடாது. ரெண்டும் விஷப்புகை விடும். பாலிஸ்டைரீனா இருந்தாலும் கதவைத் திறந்து வெச்சுக்குங்க.

டிஸ்கி 3: பறக்கவிடறதுக்கு முன்னாடி நீங்க நிக்கற இடத்துல பறக்கவிட அனுமதி உண்டான்னு வான்வெளி வரைபடத்துல பார்த்துக்குங்க. பக்கத்துல விமான நிலையமோ விமானப்படைத் தளமோ இருந்தா வேற கரடு தேடுங்க.

டிஸ்கி 4: மிக்ஸி இன்னும் சரியாகல.